கனரக மின் சாதனங்களை இறக்குவது, நகர்த்துவது, பத்திரமாக வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனல், டிரான்ஸ்ஃபார்மர், பெரிய மோட்டார், டிரைவ், கேபிள் டிரம் போன்றவை சைட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு முதல்முறை மின்சாரம் கொடுப்பதற்குள் சில வாரங்கள் ஓடலாம், ஒன்றிரண்டு வருடங்களும் ஓடலாம். அந்த இடைவெளியில் ஆளை அடிப்பது எடை, சாதனத்தைக் கெடுப்பது ஈரம். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைப் பற்றியவைதான். தயாரிப்பாளரின் கையேடு இங்கே சொல்வதற்கு மாறாக ஏதாவது சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

லாரி வருவதற்கு முன்பே எதெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

முதலில் வரைபடம் கையில் வேண்டும். ஒவ்வொரு பகுதியின் எடை, புவியீர்ப்பு மையம் எங்கே, எந்த இடத்தில் ஸ்லிங் (தூக்கும் கயிறு அல்லது பட்டை) போடலாம் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். இல்லையென்றால் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். "ரெண்டு டன் இருக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி கிரேனுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.

கிரேனின் பெயரில் உள்ள டன் கணக்கு, பூம் (கிரேனின் நீளும் கை) மிகக் குட்டையாகவும் சுமை மிக அருகிலும் இருக்கும்போது பொருந்துவது. 50 டன் கிரேன் 12 மீட்டர் தள்ளி எவ்வளவு தூக்கும் என்பதை அதன் லோடு சார்ட்டில்தான் பார்க்க வேண்டும். ஆகவே கிரேன் நிற்கும் இடத்திலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து இறக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 50 கி.வோ. (கிலோவோல்ட்) வரையான கம்பிக்கு 10 அடி, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளி கேட்கிறது. உங்கள் ஊர் விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் கணக்கு.

பிறகு வழி. இறக்கும் இடத்திலிருந்து அறை வரை ஒருமுறை நடந்து, கதவின் உயரம், அகலம், திருப்பம், தாழ்வாகத் தொங்கும் பைப், கேபிள் டிரெஞ்ச் மூடி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியோடும் பேலட்டோடும் சேர்த்த அளவை வைத்தே பாருங்கள். பேனல் 2,200 மி.மீ. என்றால் அடியில் பேலட், அதற்கும் அடியில் ஸ்கேட் (கனமான சுமையை நகர்த்தும் சக்கரப் பலகை) என்று சேர்ந்து 2,400-ஐத் தாண்டும். கதவோ 2,400-தான் இருக்கும்.

லாரி வந்து நிற்கிறது. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

படம் எடுங்கள். நான்கு பக்கமும், கட்டியிருக்கும் விதம், தார்ப்பாய் கிழிசல், மரப்பெட்டியில் உடைந்த பலகை, தண்ணீர்க் கறை எதையும் விடாதீர்கள். இறக்கிய பிறகு எடுத்த படத்தை வைத்து "இது வழியில் நடந்த சேதம்" என்று நிரூபிக்க முடியாது.

அடுத்து அதிர்ச்சி ஸ்டிக்கர், சாய்வு ஸ்டிக்கர். நடுவில் உள்ள குழாய் சிவப்பாக மாறியிருந்தால் பெட்டி எங்கோ பலமாக இடிபட்டிருக்கிறது. சிவப்பாகியிருந்தால் உள்ளே நிச்சயம் உடைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை, வெள்ளையாக இருந்தால் எல்லாம் நலம் என்றும் அர்த்தமில்லை. சிவப்பைக் கண்டால் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ரசீதில் எழுதிவிட்டு உள்ளே திறந்து கவனமாகப் பாருங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்ட படக்குறிகள் ஐஎஸ்ஓ 780 தரத்தின்படி எல்லா நாட்டுக்கும் பொது. குடை என்றால் நனையக் கூடாது, கோப்பை என்றால் உடையக் கூடியது, மேல்நோக்கிய இரண்டு அம்பு என்றால் இந்தப் பக்கம் மேலே, சங்கிலி என்றால் ஸ்லிங் இங்கே. அம்பு கீழ்நோக்கி இருக்கும் நிலையில் பெட்டி வந்திருந்தால் அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

டெலிவரி ரசீதில் "பரிசோதனைக்கு உட்பட்டு" என்று எழுதினால் போதாதா?

போதாது. அந்தச் சொல்லுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பெரிய மதிப்பு தருவதில்லை. "மூன்றாம் எண் பெட்டி, இடதுபக்கக் கீழ்ப்பலகை உடைந்துள்ளது, அதிர்ச்சி ஸ்டிக்கர் சிவப்பு" என்று கண்ணால் கண்டதை அப்படியே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வெளியே தெரியாத சேதத்துக்குக் கெடு உண்டு, அது மிகக் குறுகியது. கடல் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகளில் 3 நாள். ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்துக்கான சிஎம்ஆர் உடன்படிக்கையில் ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 7 நாள். விமானச் சரக்குக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் 14 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் எது பொருந்தும் என்று வாங்கும் பிரிவிடம் முன்பே கேட்டு வையுங்கள். மூன்று மாதம் ஸ்டோரில் கிடந்த பெட்டியைத் திறந்து உள்ளே உடைந்த இன்சுலேட்டரைப் பார்த்தால் அந்தச் செலவு உங்களுடையதுதான். சேதம் கண்டால் பெட்டியையும் மரக்கட்டைகளையும் தூக்கி எறியாதீர்கள். சர்வேயர் வரும்வரை பழுதும் பார்க்காதீர்கள்.

அப்படியென்றால் வந்த அன்றே எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா?

திறந்து பார்க்கத்தான் வேண்டும், ஆனால் உடனே வேண்டாம். குளிரூட்டிய கன்டெய்னரிலோ இரவுக் குளிரிலோ வந்த இரும்பு, வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். 30 டிகிரி செல்சியஸ், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 டிகிரி. பேனலின் உலோகம் 22 டிகிரியில் இருக்கும்போது உறையைக் கிழித்தால், கிழித்த நொடியிலிருந்து பஸ்பார் (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) மேலும் இன்சுலேட்டர் மேலும் முத்து முத்தாக நீர் படியும். குளிர்பானப் பாட்டிலின் வெளியே படிவது போலத்தான். ஆகவே உறையோடு கூரைக்கு அடியில் வைத்து, உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். பேனலுக்கு ஒரு நாள் பொதுவாகப் போதும். பெரிய மோட்டாருக்கு இன்னும் நேரம் எடுக்கும்.

பார்த்து முடித்ததும் ஈரத்தை உறிஞ்சும் பழைய சிலிக்கா ஜெல் பைகளுக்குப் பதில் புதியவை வைத்து, உறையை டேப் போட்டு மீண்டும் மூடுங்கள். திறந்த உறையை அப்படியே மேலே போர்த்தி விடுவதுதான் ஸ்டோர்களில் அதிகம் நடக்கிறது. அது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்குச் சமம்.

டிரான்ஸ்ஃபார்மருக்கென்று தனியாக என்ன பார்க்க வேண்டும்?

சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் எண்ணெயோடு வரும். அவற்றில் ரேடியேட்டர் ஃபின் (குளிர்விக்கும் தகடு), வால்வு, புஷிங் (கம்பி டேங்கிலிருந்து வெளியேறும் இன்சுலேட்டர்) அடிப்பகுதி ஆகிய இடங்களில் எண்ணெய்க் கசிவு, எண்ணெய் மட்டம், புஷிங் விரிசல் பாருங்கள். ஃபின்னின் அடியில் கையை ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் கையில் ஒட்டும்.

பெரியவை எண்ணெய் இல்லாமல், உலர் காற்றோ நைட்ரஜனோ நிரப்பி வரும். அனுப்பும்போது பொதுவாக 0.2 முதல் 0.3 பார் அழுத்தம் இருக்கும். வந்ததும் முதலில் கேஜைப் பார்த்து, அப்போதைய வெப்பநிலையோடு சேர்த்து எழுதுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தாலே அழுத்தம் 0.04 பார் அளவுக்கு இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணிப் பதற வேண்டாம். கேஜ் பூஜ்ஜியத்தில் நின்றால் விஷயம் வேறு. வழியில் வெளிக்காற்று உள்ளே போய்வந்திருக்கிறது, காகித இன்சுலேஷன் ஈரத்தைக் குடித்திருக்கும். உடனே தயாரிப்பாளருக்குத் தெரிவித்து, உள்ளே இருக்கும் வாயுவின் பனிநிலையை அளக்கச் சொல்லுங்கள். வெறுமனே நைட்ரஜன் ஏற்றி அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டால் பிரச்சினை மறைந்துபோகும், தீராது.

வழியில் பட்ட இடிகளைப் பதியும் இம்பாக்ட் ரெக்கார்டர் இருந்தால் இரு தரப்பும் பார்க்க அதன் பதிவை எடுங்கள். கோர், டேங்க் இடையேயான இன்சுலேஷனை லாரி மேலேயே மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) போட்டுப் பார்ப்பது நல்லது. பூஜ்ஜியம் காட்டினால் கோர் இடம் நகர்ந்து டேங்கைத் தொடுகிறது என்று பொருள் கொள்ளலாம். இறக்கிய பிறகு கண்டுபிடித்தால் பொறுப்பு யாருக்கு என்ற சண்டைதான் மிஞ்சும்.

நைட்ரஜன் நிரப்பிய டேங்குக்குள் தலையை நீட்டாதீர்கள். நிறமில்லை, மணமில்லை, எச்சரிக்கை தராது. இரண்டு மூச்சிலேயே ஆள் விழுவார், காப்பாற்றக் குனிபவரும் விழுவார். உலர் காற்றால் முழுக்க மாற்றி, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதை மீட்டரில் பார்த்த பிறகே, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும்.

ஸ்லிங் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? குட்டையாக இருந்தால் என்ன ஆகும்?

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் கணக்கோடு சொல்கிறோம். 3,000 கிலோ பேனலை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லிங், படுக்கைக் கோட்டிலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் 1,732 கிலோ இழுவை. 45 டிகிரி என்றால் 2,121 கிலோ. 30 டிகிரி என்றால் ஒவ்வொரு காலிலும் முழு 3,000 கிலோ. இரண்டு டன் ஸ்லிங் இரண்டு போட்டிருக்கிறோமே, மொத்தம் நான்கு டன் தாங்குமே என்று நினைத்தவர் அங்கேதான் ஏமாறுகிறார்.

இழுவையோடு முடியவில்லை. 30 டிகிரியில் இரண்டு கால்களும் பேனலின் மேல்சட்டத்தை இரு பக்கமிருந்தும் தலா 2,600 கிலோ அளவுக்கு உள்நோக்கி நசுக்குகின்றன. 60 டிகிரியில் அது 866 கிலோ. மேல்சட்டம் மடிந்த தகடுதானே. அது லேசாக வளைந்தால் வெளியே தெரியாது. ஆனால் கதவு ஒட்டாது, இழுத்து வெளியே எடுக்கும் டிராஅவுட் பிரேக்கர் உள்ளே நேராகப் போகாது, பஸ்பார் இணைப்புத் துளைகள் பக்கத்துப் பேனலோடு சேராது.

கோணமானியெல்லாம் தேவையில்லை. இரண்டு லிஃப்டிங் லக்குக்கும் (ஸ்லிங் மாட்டும் காதுக்கும்) நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு கால் ஸ்லிங்கும் குறைந்தது அவ்வளவு நீளம் இருந்தால் 60 டிகிரி கிடைத்துவிடும். கூரை தாழ்வு, நீளம் கிடைக்காது என்றால் ஸ்லிங்குகளை அகற்றிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் பீம் போடுங்கள். நீண்ட பேனல் வரிசைக்கு எப்படியும் பீம்தான் சரி. நான்கு கால் ஸ்லிங் போட்டாலும், நீளத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் பளு இரண்டு காலிலேயே நிற்கும். அதனால் இரண்டு கால் தாங்கும் என்றே கணக்கிடுங்கள்.

தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்கிறதென்றால் இறக்கி, ஹூக்கை நகர்த்தி மறுபடி தூக்க வேண்டும். ஆள் தொங்கிச் சமன் செய்யக் கூடாது.

மோட்டாரில் உள்ள ஐபோல்ட்டில் மாட்டிப் பம்ப்போடு சேர்த்துத் தூக்கலாமா?

கூடாது. மோட்டாரின் ஐபோல்ட் (மேலே உள்ள வளையத் தலை போல்ட்) மோட்டார் எடைக்கு மட்டும் போட்டது. பம்ப், கியர்பாக்ஸ், பேஸ் ஃபிரேம் எல்லாம் சேர்ந்திருந்தால் ஃபிரேமில் உள்ள லக்கைப் பிடிக்க வேண்டும். ஐபோல்ட்டின் கழுத்து அடித்தளத்தோடு முழுதாக ஒட்டி இறுகியிருக்கிறதா பாருங்கள். சாய்வாக இழுத்தால் அதன் தாங்குதிறன் நன்றாகக் குறையும், கழுத்தில்லாத சாதா ஐபோல்ட் நேர் செங்குத்து இழுவைக்கு மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மரிலும் இதே கவனம் வேண்டும். ரேடியேட்டர், புஷிங், கன்சர்வேட்டர் (மேலே உள்ள எண்ணெய்த் தொட்டி) எதிலும் கயிறு போடக் கூடாது. டேங்க் லக்கில் மட்டும் போடலாம். ஜாக்கி வைப்பதும் அதற்கென்று பற்றவைத்த பேடில் மட்டும்தான்.

சமதரையில் தள்ளும்போதே பேனல் ஏன் கவிழ்கிறது?

ஏனென்றால் பார்க்கத் தெரிவதைவிட அது கவிழத் தயாராக இருக்கிறது. ஒரு பேனல், உயரம் 2,200, ஆழம் 800 மி.மீ. புவியீர்ப்பு மையம் 1,200 மி.மீ. உயரத்தில், ஆழத்தின் நட்டநடுவில் இருந்தால் 18 டிகிரி சாய்ந்தால்தான் கவிழும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் பிரேக்கர்கள் எல்லாம் முன்பக்கம். மையம் 150 மி.மீ. முன்னால் வந்துவிட்டால் 12 டிகிரியிலேயே கவிழும்.

இப்போது அதையே 540 மி.மீ. அகல ஹேண்ட் பேலட் டிரக்கில், பக்கவாட்டில் போர்க்கை (தூக்கும் முள்கரங்களை) நுழைத்து 200 மி.மீ. தூக்குங்கள். தாங்கும் அகலம் 800-இலிருந்து 540 ஆகிறது, மையம் 1,400-க்கு ஏறுகிறது. முன்பக்க விளிம்புக்கும் மையத்துக்கும் நடுவே மிச்சம் 120 மி.மீ. 5 டிகிரிக்கும் குறைவான சாய்விலேயே பேனல் முகம் குப்புற விழும். ஒரு பக்கச் சக்கரம் டைல்ஸ் உடைந்த பள்ளத்தில் மூன்று நான்கு செ.மீ. இறங்கினால் போதும்.

அதனால் ஹேண்ட் பேலட்டில் பேனலை நகர்த்துவதாக இருந்தால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். தரையைத் தொடாத அளவுக்கு, இரண்டு மூன்று செ.மீ. மட்டும் தூக்குங்கள். பேலட்டோடு போல்ட் போட்டிருப்பதைக் கழற்றாமல் இடத்துக்குப் பக்கத்தில் போன பிறகே கழற்றுங்கள். பிரேக்கரைத் தனியே எடுத்து எடையைக் குறைக்கக் கையேடு அனுமதித்தால் எடுத்துவிடுங்கள். கதவுகளைப் பூட்டுங்கள், ஏனென்றால் தானாகத் திறக்கும் கதவும் மையத்தை முன்னால் தள்ளும். கவிழத் தொடங்கிய பேனலைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. முன்னே நிற்பவர் விலகுவதற்கு வழி விட்டுத்தான் தள்ள வேண்டும். இதைக் குழுவில் புதிதாக வந்தவரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபோர்க்லிஃப்டில் தூக்கினால் பாதுகாப்புதானே?

சரியான வண்டியாக இருந்தால் ஆம். அதில் எழுதியிருக்கும் கொள்ளளவு, போர்க்கின் முகத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு உட்பட்டது. 500 அல்லது 600 மி.மீ. என்று தகட்டில் இருக்கும். பெட்டியின் மையம் அதைத் தாண்டினால் கொள்ளளவு குறையும். மாஸ்ட்டை (போர்க் ஏறி இறங்கும் செங்குத்துத் தூணை) உயர்த்தினாலும் குறையும். போர்க், பெட்டியின் முழு ஆழத்துக்கும் போக வேண்டும். பாதியில் நின்ற போர்க் நுனி பேனலின் அடித்தகட்டையோ டிரான்ஸ்ஃபார்மர் ஃபின்னையோ குத்தும். உயரமான சுமை என்றால் மாஸ்ட்டோடு பெல்ட் கட்டுங்கள். ஓட்டுநருக்கு முன்னால் தெரியாதென்றால் பின்னோக்கி ஓட்ட வேண்டும்.

உருளை, ஸ்கேட் வைத்துத் தள்ளும்போது எவ்வளவு விசை வேண்டும்?

கெட்டியான சமதரையில் ஸ்கேட்டுக்கு எடையில் 2 முதல் 5 சதவீதம் வைத்துக்கொள்ளலாம். 4 டன்னுக்கு 80 முதல் 200 கிலோ. 20-க்கு 1 சரிவு வந்தால் எடையில் 5 சதவீதம் கூடுகிறது, அதாவது இன்னொரு 200 கிலோ. இறக்கத்தில் அதே 200 கிலோ சுமையைத் தானாக ஓட வைக்கும். இறக்கத்தில் முன்னால் இழுக்கும் ஆள் வேண்டவே வேண்டாம். பின்னால் செயின் புல்லியோ டிர்ஃபோரோ (கையால் இயக்கும் கம்பிவட இழுவைக் கருவி) கட்டி விட்டுப் பிடியுங்கள்.

நான்கு ஸ்கேட் போட்டாலும் தரை மேடுபள்ளமாக இருந்தால் எடை மூன்றின் மேல்தான் நிற்கும். ஸ்கேட்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேட் சக்கரத்தின் அடியில் அழுத்தம் ஒரு சிறு புள்ளியில் விழுவதால் டிரெஞ்ச் மூடியும் ஃபால்ஸ் ஃப்ளோர் டைலும் தாங்காது. 10 மி.மீ. தகடு விரித்து எடையைப் பரப்பிவிடலாம். ஆனால் அடியில் உள்ள தாங்கு சட்டத்தின் பலம் கட்டட இன்ஜினியர் சொல்ல வேண்டியது.

கேபிள் டிரம்மைப் படுக்க வைக்கலாமா?

கூடாது. இரண்டு வட்டப் பலகையிலும் நின்றபடியே வைத்து, இருபுறமும் ஆப்பு வைக்க வேண்டும். படுக்க வைத்தால் சுற்றுகள் சரிந்து ஒன்றில் ஒன்று சிக்கும், பிறகு இழுக்கும்போது கேபிள் முறுக்கிக்கொள்ளும். உருட்டும்போது பலகையில் உள்ள அம்புத் திசையில் மட்டும், அதுவும் சிறு தூரம். எதிர்த்திசையில் உருட்டினால் சுற்று தளரும். தூக்குவதற்கு நடுத்துளையில் தண்டு செருகி, மேலே பீம் வைத்து இரு பக்கமும் ஸ்லிங் போடுங்கள். பீம் இல்லாமல் போட்டால் ஸ்லிங் பலகைகளை உள்நோக்கி அழுத்தி உடைக்கும். கேபிள் மேல் நேராக ஸ்லிங் சுற்றவே கூடாது. இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா பாருங்கள். வெட்டியெடுத்த பிறகு மிச்ச முனையில் டேப் சுற்றினால் நிற்காது. ஹீட் ஷ்ரிங்க் கேப் போடுங்கள். திறந்த முனை வழியே புகுந்த நீர் இழைகளுக்கு நடுவே பல மீட்டர் ஓடும்.

வெளியில் நிறுவும் பேனல்தானே, வெளியிலேயே வைத்தால் என்ன?

ஐபி மதிப்பு (தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் அளவு), பேனலை முழுமையாகப் பொருத்திய பிறகு கிடைப்பது. கேபிள் நுழையும் கிளாண்ட் பிளேட் திறந்தும், பகுதிகளுக்கு நடுவே இணைப்பு ரப்பர் இல்லாமலும், ஹீட்டருக்கு மின்சாரம் இல்லாமலும் நிற்கும் பேனலுக்கு அது கிடையாது. கூரை, சமதரை, காற்றோட்டம் உள்ள இடம் வேண்டும். தரையிலிருந்து 100 மி.மீ. மரக்கட்டை மேல் வைத்து, கிளாண்ட் பிளேட் துளைகளைத் தகடு போட்டு மூடுங்கள். எலி நுழைய விரல் பருமன் துளை போதும். அது முதலில் கடிப்பது கண்ட்ரோல் ஒயரைத்தான்.

தவிர்க்கவே முடியாமல் வெளியே வைத்தால் தார்ப்பாயைச் சாதனத்தின் மேல் ஒட்டிப் போர்த்தாமல், சட்டம் கட்டி அதன் மேல் போட்டு, அடியில் காற்று போக இடம் விடுங்கள். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும். ஸ்டோரில் ஒரு சின்ன ஈரப்பதமானி மாட்டி வாரம் ஒருமுறை எழுதுவது பெரிய செலவில்லை.

ஈரம் படியாமல் பேனலுக்குள் வைத்திருக்கும் ஸ்பேஸ் ஹீட்டருக்குத் தற்காலிகமாகக் கரண்ட் கொடுப்பது எப்படி?

இதைச் செய்யாமல் விடுவதும் தவறு, யோசிக்காமல் செய்வதும் தவறு. ஹீட்டர் உள்ளே இருக்கும் காற்றை வெளியே உள்ளதைவிடச் சில டிகிரி சூடாக வைத்திருந்தாலே பனி படியாது.

முதலில் ஹீட்டரின் வோல்டேஜைப் பாருங்கள். 110 வோல்ட் ஹீட்டருக்கு 230 கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் சூடாகிக் கருகும். அடுத்து ஹீட்டருக்கு அருகில் உள்ள சிலிக்கா ஜெல் பை, நுரை, காகிதம், மரத்துண்டு எல்லாவற்றையும் எடுங்கள். சேமிப்பில் உள்ள பேனல் தீப்பிடிக்க இது ஒன்றே போதும்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. ஹீட்டர் டெர்மினலில் நேராகக் கரண்ட் கொடுத்து, கண்ட்ரோல் சர்க்கியூட்டிலிருந்து அந்த ஒயரைக் கழற்றித் தனிமைப்படுத்துங்கள். அப்படிச் செய்யாமல் கண்ட்ரோல் சப்ளையில் கொடுத்தால், அது கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலோ, உயர் வோல்டேஜை அளக்கக் குறைத்துத் தரும் பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரிலோ தலைகீழாக ஏறி, "கரண்டே இல்லாத" பஸ்பாரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை வரவழைக்கலாம். பியூஸைக் கழற்றி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, கசிவு மின்னோட்டப் பாதுகாப்புள்ள சர்க்கியூட்டிலிருந்து கொடுங்கள்.

சேமிப்பில் உள்ள மோட்டாரை ஏன் சுற்றிவிட வேண்டும்?

தண்டு ஒரே இடத்தில் நின்றால் பேரிங் குண்டுகளுக்கும் வளையத்துக்கும் நடுவே கிரீஸ் பிதுங்கி உலோகம் உலோகத்தைத் தொடும். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடினாலோ லாரி போனாலோ வரும் அதிர்வு அந்த இடத்தில் குழி போடும். பிறகு மோட்டார் ஓடும்போது அந்தக் குழிகள்தான் சத்தமாகக் கேட்கும். மாதம் ஒருமுறை பத்து பதினைந்து சுற்றுச் சுற்றி, முன்பு நின்றதற்கு 90 டிகிரி தள்ளி நிறுத்துங்கள். தண்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் அடுத்தவருக்கும் தெரியும். ரோலர் பேரிங் மோட்டாரில் போக்குவரத்துப் பூட்டு இருக்கும். சுற்றும்போது மட்டும் கழற்றி, திரும்ப மாட்டுங்கள்.

மெக்கர் அளவு எவ்வளவு இருந்தால் நல்லது?

மோட்டாருக்கு ஐஇஇஇ 43 தரத்தின் கணக்கு: 1,000 வோல்ட்டுக்குக் கீழ் உள்ள சுற்றுகளுக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகாஓம், நவீன ஃபார்ம்-வவுண்ட் (முன்பே வடிவமைத்த காயில் கொண்ட பெரிய மோட்டார்) சுற்றுகளுக்கு 100 மெகாஓம். 1,000 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் 500 வோல்ட் டிசி மெக்கர் போடுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அளவு பாதியாகும். 30 டிகிரியில் 20 மெகாஓம் காட்டியது 40-இல் 10 மெகாஓம் என்று திருத்தி எழுத வேண்டும். ஒரு அளவைவிட மாதாமாதம் எடுத்த வரிசைதான் உண்மை சொல்லும். 800, 750, 700 என்று வந்தது திடீரென்று 90 ஆனால், 90 தேறும் அளவு என்றாலும் ஈரம் ஏறியிருக்கிறது. அளவெடுத்த பின் சுற்றை எர்த் செய்து சார்ஜை இறக்க மறக்காதீர்கள்.

டிரைவ், யுபிஎஸ், பேட்டரி?

டிரைவில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் கரண்ட் இல்லாமல் ஒரு வருடம் கிடந்தால் உள்ளே உள்ள ஆக்சைடு படலம் மெலியும். முழு வோல்டேஜை ஒரேயடியாகக் கொடுத்தால் வெடிக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன முறையில் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரியை 20–25 டிகிரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். 30–35 டிகிரி ஸ்டோர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 12 வோல்ட் பிளாக் 12.6-க்குக் கீழ் இறங்கினால் காத்திருக்காதீர்கள். மின்சக்திக் கெப்பாசிட்டர்களின் டெர்மினலில் கட்டி வந்திருக்கும் ஷார்ட் ஒயரை, இணைக்கும் நாள்வரை அகற்றக் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கியதைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

மோல்டட் கேஸ் பிரேக்கர், ரிலே, எலெக்ட்ரானிக் யூனிட், டிரைவ் இவற்றை மாற்றியே ஆக வேண்டும். உள்ளே படிந்த உப்பும் சேறும் காய்ந்தாலும் போகாது, டிரிப் மெக்கானிசம் ஒட்டிக்கொள்ளும், தேவைப்படும் நேரத்தில் பிரேக்கர் விழாது. பெரிய மோட்டாரையும் சுவிட்ச்கியர் பஸ்பாரையும் தயாரிப்பாளரின் மேற்பார்வையில் கழுவி, சுட்டு, சோதித்துச் சரிசெய்ய வாய்ப்புண்டு.

ஸ்டோரிலிருந்து எடுத்து நிறுவியாகிவிட்டது. கரண்ட் கொடுக்கும் முன் எது அதிகம் மறந்துபோகிறது?

போக்குவரத்துக்காகப் பூட்டியவை. வந்த நாளே அவற்றைப் படத்தோடு எண்ணி எழுதி வைத்தால், கழற்றும்போது எண்ணிக்கை சரியா என்று பார்க்கலாம். மோட்டார் தண்டுப் பூட்டு, பிரேக்கர் டிராலிப் பூட்டு, ரிலேயின் ஆர்மேச்சருக்கு அடியில் செருகிய நுரைத்துண்டு, பஸ் அறையில் தொங்கும் சிலிக்கா ஜெல் பை, சில வகை புக்கோல்ஸ் ரிலேயில் (டிரான்ஸ்ஃபார்மருக்குள் வாயு சேர்ந்தால் எச்சரிப்பது) மிதவையைக் கட்டிய நாடா. டிரான்ஸ்ஃபார்மர் பிரீதரின் (உள்ளே போகும் காற்றின் ஈரத்தை ஜெல்லால் உறிஞ்சுவது) அடியில் உள்ள சீல் மூடியும் இதில் சேர்த்தி. அதை எடுக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுவிட முடியாமல் எங்காவது கேஸ்கெட் வழியே ஈரக்காற்றை இழுக்கும். மூடியைக் கழற்றியதும் உள்ளே ஜெல் ஆரஞ்சாக இருக்கிறதா, ஈரம் குடித்துப் பச்சையாகிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.